ஆறாவது மூடியில் களிம்பு

அத்தியாயம் 7

"ரெண்டு மணிக்குக் கார் வருது மேடம். இன்ஜினியரை ஏத்திக்கிட்டு சோஃபியா போகுது. திரும்பி வர டிக்கெட் எடுத்த மாதிரி தெரியல."

சார்ஜென்ட் பென்ச்சோ இதைச் சொன்னது, எட்டுச் சக்கர வண்டி ஒன்றின் அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு ஜோடி பூட்ஸிடம். பூட்ஸுக்குச் சொந்தக்காரர் கேப்டன் யோர்தாங்கா முத்தஃபோவா. டோல்னி பிரியாக் நகரப் போலீஸின் துப்பறியும் பிரிவு அவர்தான். பிரிவில் மொத்தம் இரண்டு பேர். இன்னொருவன் பென்ச்சோ.

"மணி என்ன?" என்றது வண்டியின் அடிவயிறு.

"பத்து."

"நாலு மணி நேரம் இருக்கு. டார்ச்சைக் குடு."

தொழிற்சாலைக் கூடத்தில் அவர்களைத் தவிர யாரும் இல்லை. வண்டியிலிருந்து இன்னும் ஆற்றுச் சேறு சொட்டிக்கொண்டிருந்தது. புதன்கிழமை அது ராணுவக் கமிஷனின் கண்ணெதிரே டான்யூபில் மூழ்கியது. உள்ளே இருந்த மூன்று பேரும் கூரை வழியாக ஏறித் தப்பினார்கள். வியாழக்கிழமை வண்டியை இழுத்துக் கரையேற்றினார்கள். இன்று வெள்ளி.

தரையில் லாரியைப் போல ஓட வேண்டும், ஆற்றில் படகைப் போல நீந்த வேண்டும், எட்டுச் சிப்பாய்களைக் கவசத்துக்குள் வைத்துக் காக்கவும் வேண்டும். இந்த மூன்றையும் ஒரே வண்டியிடம் கேட்டு ஒன்பது வருடங்களாக உழைத்தவர் இன்ஜினியர் ஸ்டாமென் ராஷ்கோவ். முதல் மாதிரி நீந்தியது, ஓடவில்லை. இரண்டாவது ஓடியது, நீந்தவில்லை. மூன்றாவது இரண்டையும் செய்தது, கமிஷன் வரும்வரை. மூழ்கிய அன்று மாலையே டைரக்டர் பாஷெவ் இரண்டு பக்கத்தில் புகார் எழுதிக் கொடுத்தார்: திட்டமிட்ட நாசவேலை. ஸ்டாமென் இப்போது தொழிற்சாலையின் மருத்துவ அறையில், வெளியே பூட்டப்பட்ட கதவுக்குள் இருக்கிறார். நாசவேலை என்று நிரூபணமானால் பதினைந்து வருடம். ஒருவரைத் தலைநகர் சோஃபியாவுக்குக் கொண்டுபோக உள்ளூர் போலீஸின் ஒரு தாள் வேண்டும். அந்தத் தாளை எழுதத்தான் யோர்தாங்காவைக் கூப்பிட்டிருந்தார்கள். எழுதச் சொன்னார்கள், வண்டிக்கு அடியில் படுக்கச் சொல்லவில்லை.

ஓர் இரும்புப் பெட்டி ஏன் மிதக்கிறது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. இந்த வண்டியின் எடை பதினோரு டன். முழுக்க அமிழ்ந்தால் அது பதின்மூன்றரை டன் தண்ணீரை ஒதுக்கித் தள்ளும். நடுவில் உள்ள இரண்டரை டன்தான் அதன் உயிர். அதற்குமேல் தண்ணீர் உள்ளே வந்தால் பெட்டி மனசு மாறிவிடும். எப்படியும் கொஞ்சம் தண்ணீர் உள்ளே கசியும். கரையேறியதும் அதை வடிப்பதற்காக அடித்தட்டில் ஆறு துளைகள் விட்டிருப்பார்கள். நீந்தப் போகும்முன் அந்தத் துளைகளை உள்ளங்கை அகலப் பித்தளைத் திருகுமூடிகளால் அடைத்தாக வேண்டும். ஒவ்வொரு மூடியின் கழுத்திலும் ஒரு கறுப்பு ரப்பர் வளையம் இருக்கும். அதையும் மீறிக் கசிவதை மின்சாரப் பம்ப் வெளியே துப்பிவிடும்.

"ஆறு மூடியும் இருக்கு," என்றார் யோர்தாங்கா, படுத்திருந்த சக்கரப் பலகையோடு வெளியே உருண்டு வந்து. "ஆனா ஆறாவது ரெண்டு மரையிலதான் தொங்குது. கையாலயே கழட்டிட்டேன்."

அவர் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து மூடிகளை வரிசையாக வைத்தார். வெளிப்புறம் ஆறும் ஒன்றேபோல் பச்சைப் பெயின்ட். கமிஷன் வருகிறது என்றால் இந்த ஊரில் பெயின்ட் அடிக்காமல் விட்டது டான்யூப் ஆற்றை மட்டும்தான். யோர்தாங்கா பேனாக்கத்தியால் பெயின்ட்டைச் சுரண்டினார். ஐந்து மூடிகளின் தலையில் எண் குத்தியிருந்தது: 3-1, 3-2, என்று 3-5 வரை. ஆறாவதின் தலை வழவழவென்று இருந்தது.

பிறகு ஆறையும் திருப்பிப் போட்டார். ஐந்தின் மரைகள் எண்ணெய் படிந்து பழுப்பாக இருந்தன. ஆறாவதின் மரைகளில் பச்சைக் களிம்பு.

"இது பெயின்ட் இல்ல," என்றான் பென்ச்சோ குனிந்து.

"ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்துல மோரை ஊத்தி வச்சா என்ன ஆகும்?"

"எங்க அம்மா கையால அடி விழும்."

"அதுக்கு முன்னாடி களிம்பு ஏறும். பித்தளைக்குப் புளிப்பும் உப்பும் ஆகாது. டான்யூப் புளிக்குமா? உப்பு கரிக்குமா? டீசலும் எண்ணெயும் இருக்கிற இடத்துல களிம்பு எங்கிருந்து வந்துச்சு?"

"தப்பு பண்ணுனவன் கைல எலுமிச்சம்பழம் வச்சிருந்தான்னு எழுதிக்கவா?"

யோர்தாங்கா பம்ப்பின் வலைமூடியைக் கழற்றினார். வலையின் வாயை ஏதோ ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. இடுக்கியால் இழுத்தார். வெள்ளையாக, ஊறிப் பருத்து, கொழகொழவென்று வந்தது ஒரு ரப்பர் துண்டு, பிறை நிலா வடிவில்.

* * *

மருத்துவ அறையில் ஸ்டாமென் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாள் தாடி. ரப்பர் துண்டைக் கையில் வாங்கியதும் முதல் தடவையாக நிமிர்ந்தார்.

"இது என் ரப்பர் இல்லை மேடம். நான் போடறது கறுப்பு, எண்ணெய் தாங்கும். இது சாப்பாட்டு ரப்பர். மாட்டுப் பண்ணையில பால் கறக்கிற மெஷின் இருக்கே, அதோட குழாயில வெட்டினது. இதை டீசல்ல போட்டா ஒரே நாள்ல புளிச்ச மாவாட்டம் உப்பிடும்."

"உப்பினா?"

"பிஞ்சு போகும். மூடி தளரும். பிஞ்சது தண்ணியோட ஓடி நேரா பம்ப் வாய்க்குத்தான் வரும். ஓட்டையும் அதுவே, பம்ப்பை அடைச்சதும் அதுவே." அவர் துண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஆச்சரியத்தைவிட மரியாதை அதிகம் இருந்தது அந்தப் பார்வையில். "வேணும்னு பண்ணியிருந்தா, பெரிய மூளைக்காரன்."

"நீங்க புதன்கிழமை காலை சரிபார்த்தீங்க இல்லையா?"

"பார்த்தேன். ஆறும் இறுக்கமா இருந்துச்சு. பெயின்ட் மேல பார்த்தா எல்லாம் ஒண்ணுதானே. கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்துதான் இப்ப என்னைக் கூட்டிட்டுப் போகுது."

"வண்டி எவ்வளவு நேரம் தண்ணில இருந்துச்சு?"

"ஆத்தைக் கடக்க ஆறு நிமிஷம் போதும். ஆனா டைரக்டர் பேசி முடிக்கிற வரைக்கும் நடு ஆத்துல வட்டமடிச்சுக் காத்திருக்கணும்னு உத்தரவு. முப்பத்தஞ்சு நிமிஷம் பேசினார்."

"எதைப் பத்தி?"

"நேரத்தின் அருமை பத்தி."

வெளியே நடையில் வந்ததும் பென்ச்சோ கேட்டான். "மேடம், நாசவேலைக்காரன் எதுக்கு மாட்டுப் பண்ணைக்குப் போய் ரப்பர் வாங்கணும்?"

"அதான் விஷயம். கறுப்பு ரப்பர் இங்கயே கிலோ கணக்குல கிடக்கு. அது வேணாம்னு சாப்பாட்டு ரப்பரைத் தேடிப் போறவன் எதுக்குப் பயப்படறான்?"

பென்ச்சோ யோசித்தான். பிறகு நடையை நிறுத்தினான். முகத்தில் ஒரு வேதனை வந்தது.

"ருசி கெட்டுப்போயிடும்னு," என்றான் மெல்ல.

"உப்பும் புளிப்பும் இருக்கிற இடம். ருசி முக்கியம். இது நவம்பர் மாசம். சொல்லு."

"முட்டைக்கோஸ்."

"ஏன் உன் முகம் இப்படிப் போச்சு?"

"என் வீட்டுப் பீப்பாயிலயும் இதே மாதிரி ஒரு மூடி இருக்கு மேடம். லாம்பி அண்ணன் குடுத்தாரு."

* * *

கடைசல்காரர் லாம்பி அறுபது வயதுக்காரர். யோர்தாங்கா களிம்பேறிய மூடியை அவருடைய மேஜையில் வைத்தபோது அவர் மெஷினை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நவம்பரில் டோல்னி பிரியாக்கில் பீப்பாய் இல்லாத வீடு கிடையாது. முழு முட்டைக்கோஸ்களை உப்புத் தண்ணீரில் அமுக்கி வைப்பார்கள். இரண்டு நாளைக்கு ஒரு தடவை அடியிலிருந்து சாற்றை வடித்து மேலே திரும்ப ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் பிசுபிசுத்துப் போகும். அதற்குப் பீப்பாயின் அடியில் நல்ல அடைப்பு வேண்டும். கடையில் விற்கும் மரக்குழாய் முதல் வாரமே ஒழுகும்.

"மிஷின்ல இந்த மரை அளவு ஏற்கெனவே செட் ஆகி இருந்துச்சு கேப்டனம்மா," என்றார் லாம்பி. "வேற அளவுக்கு மாத்தணும்னா ஒரு நாள் வேலை போயிடும். நாட்டோட உற்பத்தி பாதிக்கக் கூடாதேன்னு அதே அளவுலயே கடைஞ்சேன்."

"நாட்டுப்பற்று," என்றான் பென்ச்சோ. "எத்தனை?"

"நாப்பத்திமூணு."

"வண்டிக்கு?"

"பதினெட்டு."

"அப்ப இது முட்டைக்கோஸ் தொழிற்சாலை மேடம். வண்டி சும்மா உபரி."

"எல்லாருக்கும் கொழுப்பு தடவித்தான் குடுத்தேன்," என்றார் லாம்பி. "மரைல கொழுப்பு இருந்தா களிம்பு ஏறாது. இதை வச்சிருந்த ஆளு துடைச்சிருக்கான். வேலை தெரியாத ஆளு. இதுவரைக்கும் அவன் வீட்டு வேலையை அவன் செஞ்சதே இல்ல."

"இந்த மூடி வண்டிக்குள்ள எப்படிப் போச்சு அண்ணே?"

"திங்கக்கிழமை ஆறு மூடியையும் கழட்டிக் கழுவி, தட்டுல காய வச்சிருந்தோம். செவ்வாய்க்கிழமை மாட்டிப் பெயின்ட் அடிச்சாங்க. நடுவுல கூடத்துக்குள்ள யார் வேணாலும் வந்திருக்கலாம்." அவர் கையை விரித்தார். "இன்ஜினியர் நல்ல மனுஷன் அம்மா. நான் சொல்லியிருப்பேன். ஆனா சொன்னா நாப்பத்திமூணு வீட்டையும் சொல்லணும்ல."

மணி பதினொன்றரை.

"யாரோ தன் மூடியை வச்சிட்டு வண்டியோடதை எடுத்திருக்காங்க," என்றார் யோர்தாங்கா. "3-6ன்னு எண் குத்தின மூடி, கறுப்பு வளையத்தோட, இந்த ஊர்ல ஒரு பீப்பாயில இருக்கு. கறுப்பு ரப்பர் எண்ணெயைத் தாங்கும். புளிப்புச் சாறுல நாலு நாள் ஊறினா?"

"டயர் வாசனை அடிக்கும்," என்றார் லாம்பி உடனே. "அதனாலதான் நான் பண்ணை ரப்பரைப் போட்டேன்."

தொழிலாளர் குடியிருப்பின் நிலவறையில், அங்கேயே குடியிருந்த பென்ச்சோவுடையதையும் சேர்த்து, நாற்பத்திரண்டு பீப்பாய்கள் சுவரோரம் வரிசையாக நின்றன. பீப்பாய்களைச் சுவரோடு ஒட்டி, அடைப்பு உள்பக்கம் இருக்கும்படி வைத்திருந்தார்கள். நகர்த்த ஒவ்வொன்றுக்கும் நான்கு ஆள் வேண்டும். கரண்டிக்கு ஓர் ஆள் போதும். அந்த ஆள் பென்ச்சோ.

"இது ஜோர்," என்றான் ஐந்தாவது பீப்பாயில். "இதுல உப்பு தூக்கல்," பன்னிரண்டாவதில். இருபதாவதில் பேச்சு குறைந்தது. முப்பதாவதில் சுவரைப் பிடித்துக்கொண்டான். "மேடம், பணியின்போது உயிர்நீத்தால் குடும்பத்துக்கு ஏதாவது குடுப்பாங்களா?"

"பீப்பாய் குடுப்பாங்க. அடுத்தது."

நாற்பத்திரண்டிலும் டயர் வாசனை இல்லை. மணி பன்னிரண்டே முக்கால்.

யோர்தாங்கா கடைசிப் பீப்பாயின்மேல் கையை வைத்தபடி நின்றார். "லாம்பி எத்தனைன்னு சொன்னார்?"

"நாப்பத்திமூணு." பென்ச்சோ விக்கினான். "குடியிருப்புல இல்லாத வீடு ஒண்ணுதான் மேடம். மலைச்சரிவுல, தோட்டத்தோட."

* * *

டைரக்டர் பாஷெவின் வீட்டில் அப்போதுதான் மதிய உணவு பரிமாறியிருந்தார்கள். மேஜையின் முதல் நாற்காலியில் கமிஷன் தலைவர் கர்னல் ஷிஷ்மனோவ். சிறிய கிளாஸ்களில் ராக்கியா என்ற பிளம் பழச் சாராயம். நடுவில், பன்றி இறைச்சியோடு சுண்டிய புளித்த முட்டைக்கோஸ். கர்னலின் தட்டுக்கு அருகில் இரண்டு பக்கப் புகார் இருந்தது. உள்ளூர்த் தாளுக்காக அதன் பக்கத்தில் இடம் விட்டிருந்தார்கள்.

"வாங்க தோழர் கேப்டன்," என்றார் பாஷெவ். "எழுதி முடிச்சாச்சா? உக்காருங்க, ஒரு வாய் சாப்பிடுங்க."

"சார்ஜென்ட் சாப்பிடுவார்," என்றார் யோர்தாங்கா.

பென்ச்சோ அவரைப் பார்த்த பார்வையில் முப்பது வருட நட்பை முறிக்கும் வலு இருந்தது. ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தான். மெதுவாக மென்றான்.

"எப்படி?" என்றார் பாஷெவ்.

"ரொம்ப நல்லா இருக்கு தோழர் டைரக்டர். புது டயரு."

கர்னல் தன் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "நானும் அதைத்தான் நினைச்சேன்," என்றார். "முதல் வாய்லயே. விருந்தாளியா வந்த இடத்துல எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன்."

"இந்த வருஷம் கோஸே சரியில்ல," என்றார் பாஷெவ். "எரு ஜாஸ்தி போட்டுட்டாங்க."

"தோழர் கர்னல்," என்றார் யோர்தாங்கா, "பீப்பாயை ஒரு தடவை பார்த்திடலாமா? நீங்களே வந்தா நல்லது. சாட்சிக் கையெழுத்து வேணும்."

பாஷெவின் நிலவறையில் ஒரே ஒரு பீப்பாய், நடுவில், செங்கல் மேடையில் ராஜாவைப் போல. யோர்தாங்கா டார்ச்சை அடிப்பக்கம் காட்டினார். பளபளக்கும் பித்தளைத் தலை. நடுவில் குத்திய எண்: 3-6.

கர்னல் குனிந்து படித்தார். இன்னொரு தடவை படித்தார். நிமிர்ந்து பாஷெவைப் பார்த்தார்.

பாஷெவ் மறுக்கவில்லை. அவர் ஒரு நிர்வாகி. நிர்வாகிக்கு எப்போதும் காரணம் உண்டு.

"என்னோடது சொட்டிச்சு தோழர் கர்னல். நிமிஷத்துக்கு ஒரு சொட்டு. காலைல வந்து பார்த்தா பாதிச் சாறு தரையில. திங்கக்கிழமை கூடத்துல தட்டு நிறைய மூடி இருந்துச்சு. ஒரே அளவு, ஒரே மரை. யோசிச்சுத்தான் மாத்தினேன்."

"என்ன யோசிச்சே?"

"பீப்பாய்க்குப் பம்ப் கிடையாது. வண்டிக்கு இருக்கு."

அந்த வாதத்தில் குறை கண்டுபிடிக்கக் கர்னலுக்கே கொஞ்ச நேரம் பிடித்தது.

"அப்புறம் எதுக்கு இன்ஜினியர் மேல புகார்?" என்றார் யோர்தாங்கா.

"வண்டி மூழ்கின அப்புறம் யாராவது ஒருத்தர் மேல குடுத்தாகணுமே. அவர்தான் கையெழுத்துப் போட்டிருந்தார்."

கர்னல் செங்கல் மேடையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குக் கோபம் வரவில்லை. அதைவிட மோசமான ஒன்று வந்தது. கணக்கு.

"இதை நான் என்னன்னு எழுதறது?" என்றார். "ஒன்பது வருஷ ரகசியத் திட்டத்தை முட்டைக்கோஸ் மூழ்கடிச்சுதுன்னா? இவனை உள்ள போட்டா அந்தக் கடைசல்காரனைப் போடணும். அவனைப் போட்டா நாப்பத்திமூணு வீடு. ரிப்போர்ட் மந்திரி வரைக்கும் போகும். மந்திரி வீட்டுல பீப்பாய் இல்லேன்னு யார் சொன்னா? விபத்துன்னு எழுதினா ஏன் விபத்துன்னு கேப்பாங்க. இன்ஜினியர்னு எழுதினா..." நிறுத்தினார். "இன்ஜினியர்னு எழுதினா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

மணி ஒன்று நாற்பது. மேலே வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"பரிசோதனைப் பட்டியல் உங்ககிட்ட இருக்கா தோழர் கர்னல்?" என்றார் யோர்தாங்கா. "கூடத்துச் சுவர்ல ஒட்டியிருந்ததைப் படிச்சேன், பதினாலு பரிசோதனை. பதினோராவது என்னன்னு பாருங்க."

கர்னல் கோட்டுப் பையிலிருந்து எடுத்துப் பிரித்தார். "பதினொன்று. நடு ஆற்றில் வண்டியைக் கைவிட்டுக் குழுவினர் தப்பித்தல். ஏப்ரல் மாதம்."

"புதன்கிழமை மூணு பேர் தப்பிச்சாங்க. ஒருத்தருக்கும் கீறல் கூட இல்ல. கரையில நின்னவங்ககிட்ட விசாரிச்சேன், ஒன்றரை நிமிஷத்துல வெளியே வந்திருக்காங்க. பட்டியல்ல கேட்டது மூணு நிமிஷம்." அவர் தன் தாளை நீட்டினார். கர்னல் புலம்பிக்கொண்டிருந்தபோதே எழுதி முடித்த தாள். மை இன்னும் ஈரம். "பதினோராவது பரிசோதனை குறிச்ச காலத்துக்கு அஞ்சு மாசம் முன்னாடியே வெற்றி. வண்டி மூழ்கல தோழர் கர்னல். மூழ்கடிக்கப்பட்டது. உத்தரவுப்படி."

கர்னல் தாளை வாசித்தார். அவருடைய முகத்தில் மெதுவாக ரத்தம் திரும்பியது.

"யாரோட உத்தரவு?"

"அதை நீங்கதான் முடிவு பண்ணணும். நான் சின்ன ஊர்ப் போலீஸ்."

கர்னல் பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போடும்போது பாஷெவ் இருமினார். அப்படியானால் பரிசோதனையை ஏற்பாடு செய்த நிர்வாகத்தைப் பற்றியும் ஒரு வரி சேர்க்கலாமே என்று கேட்டார். கர்னல் அந்த வரியையும் சேர்த்தார். வேறு வழி இல்லை. உத்தரவு என்று ஒன்று இருந்தால் அதைக் கொடுத்தவன் ஒருவன் இருந்தாக வேண்டும். புகாரின் இரண்டு பக்கங்களையும் பாஷெவே கிழித்தார். அதை மட்டும் கர்னல் அவர் கையாலேயே செய்ய வைத்தார், நான்காக, எட்டாக, பதினாறாக.

* * *

இரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது மருத்துவ அறையின் பூட்டு திறந்தது. ஸ்டாமென் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார். பல் துலக்கும் பிரஷைப் பையில் வைத்துவிட்டிருந்தார்.

"கோட்டைக் கழட்டுங்க," என்றார் யோர்தாங்கா. "கார் காலியாப் போகுது."

அவர் நடந்ததையெல்லாம் சொன்னார். ஸ்டாமென் குறுக்கிடாமல் கேட்டார். முட்டைக்கோஸ் என்ற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். பரிசோதனை வெற்றிக்குக் கர்னல் தரும் பாராட்டுப் பத்திரம் என்ற இடத்தில் திறந்தார்.

"எனக்கா?"

"உங்களுக்கும். டைரக்டருக்கும். ரெண்டு பேருக்கும் ஒரே அளவு."

"இதுல ஒரு சின்ன விஷயம் இருக்கு சார்," என்றான் பென்ச்சோ, கதவில் சாய்ந்து வயிற்றைப் பிடித்தபடி. "பதினோராவது பரிசோதனை கர்னலுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. வெற்றின்னு எழுதிட்டார்ல. ஏப்ரல்ல மந்திரி வர்றார். அவர் கண் முன்னாடி இன்னொரு தடவை செஞ்சு காட்டணுமாம்."

"எதை?"

"வண்டியை மூழ்கடிக்கறதை."

ஸ்டாமென் கட்டிலில் உட்கார்ந்தார். ஒன்பது வருடமாக ஒரு வண்டியை மிதக்க வைப்பதற்காக மட்டுமே தூங்காமல் இருந்த மனிதர் அவர். அழப் போகிறார் என்று நினைத்து பென்ச்சோ கைக்குட்டையைத் தேடினான்.

"பென்சில் இருக்கா?" என்றார் ஸ்டாமென்.

யோர்தாங்கா கொடுத்தார். ஸ்டாமென் மருத்துவ அறையின் காய்ச்சல் அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் எட்டுச் சக்கரம் வைத்த ஒரு நீளப் பெட்டியை வரைந்தார். அதன் அடியில் கவனமாக ஒரு சிறு வட்டம் போட்டார். அழித்துவிட்டு, கொஞ்சம் இடதுபக்கம் தள்ளி மறுபடி போட்டார்.

"ஒழுங்கா மூழ்கணும்னா," என்றார் நிமிராமல், "ஓட்டையை நான்தான் போடணும்."